மருமகனுக்கு நானே பூச்சி

திருத்தணி
14-6-1948

வரலட்சுமிக்குப் பரசுராமன் எழுதுவது.

பள்ளிப்பட்டுச் சாலையில் மூன்று சிறு பாலங்கள் கட்ட ஜில்லா போர்டு டெண்டர் கேட்டிருக்கிறது. சனிக்கிழமை தாலுகா ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கிலீஷும் தெலுங்குமாக இருந்தது. எண்களை மட்டும் நான் படித்தேன், மற்றதை ஓவர்சியர் படித்துச் சொன்னார். மழை பிடித்தால் பஸ் நின்றுவிடுமே, அந்த மூன்று இடங்கள்தான். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் சித்தூரில் டெண்டர் போட வேண்டும்.

வழக்கம்போல் இதையும் பெரிய காண்ட்ராக்டர் எடுப்பார் என்றுதான் ஊரில் பேச்சு. அவர் எடுத்து, பாதி விலைக்கு எங்களிடம் தள்ளுவார். நாங்கள் கட்டுவோம். நேற்று உசேன் பாய் சுண்ணாம்புத் தொட்டிமேல் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "மேஸ்திரி, கட்டறது நாம, கல்லுல பேரு அவருது. ஒரு தபாவாவது நம்ம பேருல எடுத்துப் பாப்பமே?"

"டிபாசிட்டு?"

"நீ, நானு, முனியன். மூணு பேரும் தட்டுமுட்டை வித்தா தேறிடும்."

"ஜாமீனு?"

பாய் பீடியைத் தேய்த்து அணைத்துவிட்டு எழுந்து போனார்.

டிபாசிட் போதாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். வேலை நடுவில் நின்றுபோனால் நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று நிலபுலம் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அவருக்கு அவ்வளவு சொத்து உண்டென்று தாசில்தார் எழுதித் தர வேண்டும். எங்கள் மூன்று பேரில் கல் வெட்டத் தெரிந்த முனியன் இருக்கிறான், பூசத் தெரிந்த பாய் இருக்கிறார், கட்டத் தெரிந்த நான் இருக்கிறேன். ஜாமீனுக்குப் போதும் அளவு நிலம் உள்ளவன் இல்லை. விஷயத்தைத் தெரிவித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வீடு நீ விட்டுப்போனபடி இருக்கிறது. மலைக்குப் போகிற காவடிக்காரர்கள் அடுத்த வீட்டில் தண்ணீர் கேட்கிறார்கள். நம் வாசலில் கேட்பதில்லை. கோலம் இல்லாததால் பூட்டின வீடு என்று நினைக்கிறார்களோ என்னவோ. நான் உள்ளேதான் இருக்கிறேன்.

அத்தையின் கண் எப்படி இருக்கிறது?

பரசுராமன்


பள்ளிப்பட்டு
21-6-1948

பாவாவுக்கு வரலட்சுமி எழுதுவது.

ஒன்றரை வருஷத்தில் உங்களிடமிருந்து வந்த முதல் கடிதம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் எழுதிகிறாரு. எதுக்கு எழுதினாருன்னு மட்டும் எழுதல" என்றாள். அம்மாவுக்குக் கண்தான் மங்கல்.

நீங்கள் எழுதாமல் விட்டதை நானே எழுதிவிடுகிறேன். நைனா என் பேரில் எழுதிவைத்த கம்பங்கொல்லை மிச்சம் இருக்கிறது. அதை ஜாமீனாகக் கேட்கிறீர்கள். முடியாது.

பள்ளிக்கூடக் கட்டிட வேலைக்கு நைனா உங்களுக்காக ஜாமீன் நின்றார். யுத்த காலம், சிமெண்டுக்குப் பர்மிட் வரவில்லை, வேலை பாதியில் நின்றது. உங்கள் மேல் தப்பு என்று அன்றும் நான் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அந்த நஷ்டத்துக்குக் கிணற்று நிலம் போயிற்று. நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் போனது நீங்கள்தான். அதன்பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. நைனா செத்த அன்று வந்தீர்கள். தெருமுனையில், நூல் காயப்போட்டிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பாடை எடுத்ததும் அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டீர்கள். நான் பார்த்தேன். கட்டின புருஷன் வந்து கூப்பிடுவார் என்று இங்கே தங்கினேன். நீங்கள் கூப்பிடவில்லை. பிறகு தங்கினதே பழகிவிட்டது.

இப்போது கூப்பிடுகிறீர்கள். நிலத்தைக் கூப்பிடுகிறீர்களா, என்னைக் கூப்பிடுகிறீர்களா?

நான் நெசவுக்காரர்களுக்கு நூல் தார் சுற்றிக் கொடுக்கிறேன். இந்தத் தெருவில் ஒருவனுக்கும் சொந்த நிலம் கிடையாது. ஆனாலும் சங்கத்தில் நூல் கடனாகக் கிடைக்கிறது. ஒருவன் வாங்கினால் மற்ற நாலு பேர் அவனுக்குப் பொறுப்பு. அவன் கட்டாவிட்டால் நாலு பேரும் பங்கு போட்டுக் கட்டுவார்கள். உங்கள் தொழிலில் மட்டும் ஏன் ஒரே ஆள் மொத்தமும் சுமக்க வேண்டும்? அதுவும் எங்கள் வீட்டு ஆளே ஏன் சுமக்க வேண்டும்?

பொழுது சாய்ந்ததும் தறிச் சத்தம் நின்றுவிடும். அதற்கப்புறம் இந்த வீட்டில் சத்தமே இல்லை. பஸ் ஹாரன் கேட்டால் அம்மா தலையைத் தூக்குவாள். நான் கேட்காததுபோல் இருப்பேன்.

வரலட்சுமி


திருத்தணி
28-6-1948

வரலட்சுமிக்கு,

டெண்டர் போட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை சித்தூரில், போட்டவர்கள் எல்லோர் முன்னிலையிலும் உறைகளைப் பிரித்துப் படித்தார்கள். எங்கள் தொகை எல்லாவற்றிலும் குறைவு. அதற்கு அடுத்தது பெரிய காண்ட்ராக்டருடையது. நான் காதால் கேட்டேன், உசேன் பாயும் பக்கத்தில் இருந்தார். இது வேலை கிடைத்ததாக அர்த்தம் இல்லை. ஜாமீன் சரியாக இல்லையென்றால் எங்களைத் தள்ளிவிட்டு அவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

டிபாசிட்டுக்கு முனியன் ஆடுகளை விற்றான். பாயின் தங்கை ஆலம் பீ வெள்ளிக் கொலுசைக் கழற்றிக் கொடுத்தது. நான் சைக்கிளை விற்றேன்.

உன் நிலத்தை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆனால் நான் ஏன் படி ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூட வேலை நின்றபோது உன் நைனாவையும் என்னையும் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கிளார்க்குகள், கர்ணம், ஓவர்சியர், எல்லோரும் இருந்தார்கள். பணத்தை யார் கட்டப்போகிறார்கள் என்று கேட்டதும் உன் நைனா எழுந்து நின்று, நெஞ்சில் கையை வைத்து, "நா அல்லுடிகி நேனே பூச்சி" என்றார். திருவாலங்காட்டில் பிறந்தவனுக்குத் தெலுங்கு அரைகுறைதான். ஆனால் அல்லுடு என்றால் மருமகன், நேனு என்றால் நான், அது தெரியும். பூச்சிக்கு யாரைக் கேட்க வேண்டும்? மருமகனுக்கு நான் ஒரு பூச்சி, என்னை நசுக்கிவிட்டான் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். நான் செய்த நஷ்டத்துக்கு அவர் என்னை அடித்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சுக்கப்புறம் அவர் முன்னால் எந்த முகத்தோடு வந்து உட்காருவது? சாவு வீட்டில்கூட அந்த வார்த்தைதான் தெருமுனையில் என்னை நிறுத்திவிட்டது.

போகட்டும். சித்தூரில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். உறை பிரித்தானதும் கிளார்க் என்னை உள்ளே கூப்பிட்டார். கடப்பைப் பக்கத்து ஆளாம், தமிழ் ஒரு சொல் வரவில்லை. கல் எங்கிருந்து என்று கேட்டார், முனியன் என்றேன். பிறகு "பூச்சி எவரண்டி?" என்றார். பூச்சி யார் என்கிறார், நம் பூச்சு வேலையைத்தான் தெலுங்கில் அப்படிச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. "உசேன் சாயபு, திருத்தணி மசூதித் தெரு" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து மறுபடியும் கேட்டார். "அவரவிட்டா இந்தப் பக்கத்துல வேற ஆளே கெடையாதுங்க" என்றேன். எழுதிக்கொண்டார். ஜாமீனைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. எனக்கே ஆச்சரியம்.

பரசுராமன்


பள்ளிப்பட்டு
3-7-1948

பாவாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. மத்தியானத் தபாலில் போய்ச் சேரட்டும் என்று தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

கடைசிப் பாராவைப் படித்துவிட்டுச் சிரித்தேன். இந்த வீட்டில் நான் சிரித்து நாளாகிவிட்டதால் அம்மா அழுகை என்று நினைத்து, "யாருடி போயிட்டாங்க?" என்று தடவிக்கொண்டு வந்தாள். படித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள். பிறகு முன் பாராவைப் படித்தேன். இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

பாவா, தெலுங்கில் பூச்சி என்றால் ஜாமீன்.

நம் பூச்சி புழு இல்லை, உங்கள் பூச்சு வேலையும் இல்லை. ஒருவனுக்காக நான் பொறுப்பு என்று நிற்பதற்குப் பேர் அது. நீங்கள் இந்த வீட்டுக்கு மருமகனாக வந்து எட்டு வருஷம் ஆகிறது. ரசத்துக்குச் சாறு என்று சொல்லக் கற்றுக்கொண்டீர்கள். இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளாமல் போனீர்கள்.

நைனா அன்று சொன்னது: என் மருமகனுக்கு நானே ஜாமீன். அவனை ஒன்றும் கேட்காதீர்கள், என்னைக் கேளுங்கள். நெஞ்சில் கை வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டுகிறவன் நெஞ்சில் கை வைப்பானா?

இதற்குமேல் நைனாவைப் பற்றி இன்று எழுத முடியாது. அவசரமானதைச் சொல்கிறேன். சித்தூரில் கிளார்க் ஜாமீன் யார் என்று கேட்டிருக்கிறார். நீங்கள் உசேன் அண்ணன் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவரை விட்டால் வேறு ஆளே கிடையாது என்று வேறு சொல்லியிருக்கிறீர்கள். காகிதம் தாலுகா ஆபீசுக்கு வரும், அவருடைய சொத்தைக் காட்டச் சொல்வார்கள். பூசுகிற கரணையைத் தவிர அவரிடம் என்ன இருக்கிறது? பொய் ஜாமீன் என்று ஆகிவிட்டால் டெண்டர் போவது மட்டுமில்லை, அவர் பெயரும் கெடும். உடனே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஆபீசுக்கும் போய், நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு தெருமுனையில் நிற்காதீர்கள்.

வரலட்சுமி


திருத்தணி
12-7-1948

வரலட்சுமிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே காகிதம் தாலுகா ஆபீசுக்கு வந்துவிட்டது. உசேன் பாயைக் கூப்பிட்டு விசாரித்தும் விட்டார்கள். அவர் என்னிடம் மூச்சு விடவில்லை. நான் ஓடியபோது ஸ்டேஷன் பக்கத்து வீடொன்றில் சாரத்தில் நின்று மேல்பூச்சு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், எறங்கி வாங்க. ஒரு தப்பு நடந்துபோச்சு."

"பூச்சி வெசயமா?" என்றார் மேலிருந்தே.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்ல கேட்டாங்க. பரசுராமனுக்கு நீதான் பூச்சியான்னு. ஆங், நான்தான்னேன்."

"பூச்சின்னா என்னான்னு தெரிஞ்சா சொன்னீங்க?"

"தெரியாம என்னா? எங்க வாப்பா புத்தூர் சந்தையில மாட்டுத் தரகு. ஒரு நாளைக்கு பத்து பூச்சி கேட்டு வளந்தவன் நான்."

"அப்புறம் ஏன் ஒத்துக்கினீங்க?"

அவர் கரணையைச் சட்டியில் போட்டுவிட்டு இறங்கி வந்தார். "மேஸ்திரி, இத்தினி வயசுக்கு எவனும் என்னைக் கேட்டதில்ல, நீ எனக்கு நிப்பியான்னு. எல்லாரும், ஒனக்கு யாரு நிப்பான்னுதான் கேப்பாங்க. கேட்டதும் வாயில வந்துட்சி" என்றார். பிறகு, "தப்பா?" என்றார்.

நான் சட்டியிலிருந்த கரணையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

மசூதித் தெரு வீட்டில் அவர் பங்கைக் காட்டியிருக்கிறார். ஆலம் பீயும் தன் பங்கைச் சேர்த்துக் கைநாட்டு வைக்கிறேன் என்று வந்ததாம். இரண்டும் சேர்ந்தும் போதவில்லை. நான் ஆபீசில் நடந்தது நடந்தபடி சொன்னேன். ஹெட் கிளார்க் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்ப வேற ஆளக் கூட்டிகினு வா" என்றார். உன் கடிதத்தில் நெசவுக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தது அப்போது ஞாபகம் வந்தது. ஜாமீன் ஒரே ஆள்தான் நிற்க வேண்டுமா, நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இன்னொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். "கூடாதுன்னு எங்கியும் இல்ல. இதுவரிக்கும் எவனும் கேக்கல. ஆனா மொத்தம் கொறையக் கூடாது" என்றார். அதன் பேரில் முனியன் தன் மேட்டு நிலத் துண்டையும் எழுதிக் கொடுத்தான். இன்னும் குறைகிறது. எவ்வளவு என்று எழுத மாட்டேன்.

நைனாவைப் பற்றி. அவர் சொன்ன அந்த வாக்கியத்தை வீட்டில் உட்கார்ந்து நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அதே சொற்கள், அதே வரிசை. இவ்வளவு நாளும் காதில் விழுந்த குரல் வேறு, இப்போது விழுந்த குரல் வேறு. சொன்னபின் பதில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு நீ வா. வரும்போது பத்திரம் கொண்டுவராதே.

பரசுராமன்


பள்ளிப்பட்டு
24-7-1948

பாவாவுக்கு,

இதோடு ரிஜிஸ்தர் தபாலில் கம்பங்கொல்லைப் பத்திரம் வருகிறது. வாங்கியதும் உறை கிழியாமல் இருந்ததா என்று எழுதுங்கள்.

இது உங்கள் கடிதத்துக்குப் பணிந்தது இல்லை. பத்திரம் வேண்டாம் என்று நீங்கள் எழுதியிராவிட்டால் அனுப்பியிருக்க மாட்டேன்.

நிலக் கணக்கு எழுதும் இந்த ஊர்க் கர்ணத்திடம் நானே போனேன். அவர் மறுநாள் கொல்லையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து விசாரித்தார். "புருஷனுக்கு ஜாமீனா?" என்றார்.

"புருஷனுக்குன்னு எழுதாதீங்க. ஏற்கெனவே மூணு பேரு நிக்கறாங்க. நாலாவதா ஒருத்தின்னு எழுதுங்க" என்றேன்.

"அந்த மூணு பேரு யாருன்னாவது தெரியுமா ஒனக்கு?"

"ஒருத்தரு பூசறவரு, ஒருத்தரு கல்லு ஒடைக்கறவரு, ஒருத்தங்க கொலுசக் கயட்டிக் குடுத்தவங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது சரி, புருஷன் எங்க இருக்காரு? ஒண்ணாத்தான் இருக்கீங்களா? அதயும் எழுதணும்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் உள்ளிருந்து அம்மா சொன்னாள்: "ஆத்துக்கு அந்தாண்ட இருக்காரு. பாலம் இல்ல." கர்ணம் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

கிருத்திகைக்கு நான் வரவில்லை. கோபம் என்று நினைக்காதீர்கள். கோபம் இருந்தால் எனக்குச் சுலபம். நைனா கடைசி நாட்களில் வாசல் பக்கம் பார்த்தபடிதான் படுத்திருந்தார். "அல்லுடு வந்தாரா?" என்று கேட்பார். வேலை இருக்கும் என்று சொல்வேன். உங்களுக்கு ஏதோ அவமானம் என்று நினைத்தேன், அவருக்கு ஏதோ மனக்குறை என்று நீங்கள் நினைத்தீர்கள். என்னிடம் ஒரு தடவை, பூச்சி என்றால் என்ன என்று கேட்டிருந்தால் போதும். அடுப்படியிலிருந்தே பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை என்பதை நினைத்தால் உங்கள் மேல் வருத்தம் வருகிறது. நான் கேட்க வைக்கவில்லை என்பதை நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டும் தீர்ந்தபிறகு வருகிறேன். அதற்கு எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது.

மலைமேல் போனால் நைனா பேருக்கு ஒரு கற்பூரம் ஏற்றுங்கள்.

வரலட்சுமி


திருத்தணி
4-8-1948

வரலட்சுமிக்கு,

நாலு பேர் ஜாமீனையும் சேர்த்துத் தாசில்தார் சான்று எழுதிவிட்டார். திங்கட்கிழமை காகிதம் சித்தூருக்குப் போயிற்று. ஹெட் கிளார்க் என்னிடம் சொன்னார், தபால் கட்டில் வைத்ததையும் பார்த்தேன். மொத்தம் குறையவில்லை. உறை கிழியாமல்தான் வந்தது.

பத்திரம் வந்தது. நீ வரவில்லை. கிருத்திகையன்று பஸ் நிற்கும் இடத்தில் இருந்தேன். பள்ளிப்பட்டு பஸ்ஸிலிருந்து காவடிக்காரர்கள் இறங்கினார்கள், கடைசியாகக் கண்டக்டர் இறங்கினான். நீ வரமாட்டாய் என்று எழுதியிருந்தாய், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். பிறகு வீட்டு வாசலில் பானையில் தண்ணீர் வைத்தேன். கோலம் போடத் தெரியவில்லை, சுண்ணாம்பில் ஒரு கோடு இழுத்தேன். அதைப் பார்த்தோ என்னவோ, இந்தத் தடவை காவடிக்காரர்கள் நின்று குடித்தார்கள். ஒரு கிழவர் குடித்துவிட்டு, "வூட்ல அம்மா இல்லீங்களா?" என்றார். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன். ஒன்றரை வருஷமாக இதைக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை.

மலைமேல் கற்பூரம் ஏற்றினேன். கூட்டத்தில் நைனாவிடம் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஊரில் எங்களுக்குப் பூச்சிக் கூட்டம் என்று பெயர் வந்துவிட்டது. ஹெட் கிளார்க் சிரித்தது ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. நேற்று காப்பிக் கடையில் பெரிய காண்ட்ராக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி, "நாலு பூச்சி சேந்துகினா யானை ஆயிடுமா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உசேன் பாய் டம்ளரை வைத்துவிட்டு, "கரையானும் பூச்சிதாங்க. ஆளொசரம் புத்து கட்டுதே" என்றார். கடையே சிரித்தது. காண்ட்ராக்டரும் சிரித்தார். போகும்போது பாயின் தோளைத் தட்டி, "புத்து எடுத்தப்புறம் அதுல பூந்துக்கிறது யாருன்னு தெரியுமில்ல?" என்றார். அது வெறும் பேச்சா, மிரட்டலா என்று இன்னும் தெரியவில்லை. சித்தூரில் அவருக்கு வேண்டியவர்கள் இருப்பதாகக் கேள்வி. கேள்விதான், உறுதியில்லை.

ஆனால் இன்று காலை அம்மையார்குப்பத்திலிருந்து இரண்டு மேஸ்திரிகள் வந்தார்கள். கிணறு வெட்டுகிறவர்கள். போர்டு கிணறு ஒன்றுக்கு டெண்டர் போட வேண்டுமாம், ஜாமீன் இல்லை. "எங்களுக்கும் பூச்சி நிப்பீங்களா?" என்று வாசலிலேயே நின்று கேட்டார்கள். எங்கள் வேலைக்கே உத்தரவு வரவில்லையே என்றேன். "வந்தா?" என்றார்கள். பக்கத்தில் இருந்த முனியன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். இந்த வீட்டுக்குள் நாலு பேர் உட்கார்ந்து நாளாயிற்று. கோரைப்பாய் விரிக்க இடம் தேட வேண்டியிருந்தது, உன் பெட்டியை நகர்த்தினேன். திறக்கவில்லை.

இனி நிலுவையில் இருப்பது இரண்டு. சித்தூர் உத்தரவு இந்த மாதம் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை வரும் என்று ஹெட் கிளார்க் சொல்கிறார். வந்தால் ஜாமீன் பத்திரத்தில் நாலு பேரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும், நீயும் வந்துதான் ஆக வேண்டும். உத்தரவு வராவிட்டால் உன் கொல்லைப் பத்திரத்தை ரிஜிஸ்தர் தபாலில் திருப்பி அனுப்பிவிடுவேன், அதற்காக நீ வரத் தேவையில்லை.

உத்தரவு வராவிட்டாலும் வா.

பரசுராமன்